தங்க வயலின் தேவாலயங்களில் ஒரு கோடை

கோலார் தங்க வயலில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சுரங்கப் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நம் வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கட்டடக்கலை வரலாறு பயிலும் அவருடைய பேத்தி, சென்ற கோடை விடுமுறையைத் தாத்தாவின் ஊரில் கழித்தார். அங்குள்ள பழைய தேவாலயங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதே அவர் வந்த நோக்கம். அவ்விருவருடன் இரண்டு நாள்கள் நாமும் நடந்தோம்.

வெயிலுக்கு அஞ்சித் தொப்பியும் களிம்பும் கொண்டு வந்திருந்தார் மாணவி. அவற்றுக்கு அதிகம் வேலையிருக்கவில்லை. ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் அமைந்த ஊர் அது. சென்னைவாசிகள் பொறாமை கொள்ளத்தக்க காற்று. "இங்க சூடெல்லாம் மேல இல்ல கண்ணு, கீழ" என்றார் தாத்தா. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்திருந்தது. குளிர்வித்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் அங்கு மனிதர் வேலை செய்ய இயலும். அத்துடன் பாறை வெடிப்பு என்னும் அச்சம் வேறு. அழுத்தம் தாளாமல் ஆழத்தில் பாறை சிதறும்போது மேலேயுள்ள வீடுகளும் அதிரும். அந்த அதிர்வு கேட்டதும் தம் வீட்டுப் பெண்கள் முதலில் சுரங்கவாயிலுக்கும், பிறகு கோயிலுக்கும் ஓடுவார்களாம். ஓடியது எந்தக் கோயிலுக்கு என்பதில்தான் இவ்வூரின் வரலாறு அடங்கியிருக்கிறது.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்தது. அதன் பின்னர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து தேர்ந்த சுரங்கத் தொழிலாளர் வந்தனர், இத்தாலியரும் வந்தனர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அதிகாரிகளின் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு ஊரிகத்தில் புனித மிக்கேல் தேவாலயம் எழுந்தது. கார்ன்வால்காரர் பெரும்பாலும் மெத்தடிஸ்டு சபையினர். சாம்பியன் ரீஃபில் உள்ள வெற்றி மாதா ஆலயம் கத்தோலிக்கருடையது. ஒரே கர்த்தரை வணங்கியவர்கள் தொழிலிலும் தோலின் நிறத்திலும் பிரிந்தே நின்றார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு சபைகள் ஒரே குடையின்கீழ் வந்தன. அவ்வாண்டு நாட்டிலும் பல மாற்றங்கள் நிகழ்ந்தன என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தேவாலயங்களை மட்டும் பார்த்துத் திரும்புவோர் ஊரின் ஒரு பாதியையே பார்த்தவராவர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. மாணவி இதனையும் தம் குறிப்பேட்டில் தனிப் பக்கமாக எழுதிக்கொண்டார்.

நகைக்கடன் பிரிவில் நாள்தோறும் தங்கத்தை எடைபோடும் நமக்கு ஒரு கணக்கு உறுத்தியது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையிலிருந்து 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. இறுதிக் காலத்தில் அது மூன்று, நான்கு கிராமாகச் சுருங்கிவிட்டது. ஒரு சிறிய மோதிரத்துக்காக ஒரு டன் பாறை! செலவு கட்டுப்படியாகவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. லைன் வீடுகள் கம்பெனியுடையவை. அவற்றில் குடியிருந்தோர் கையில் பத்திரம் ஏதுமில்லை. பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரைச் சுமந்துகொண்டு இன்றும் விடியற்காலை இரயில்கள் புறப்படுகின்றன.

இரண்டாம் நாள் மாணவி தம் பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்தார். தாத்தாவின் பெற்றோர் மணம் முடித்த தேவாலயத்தின் அலுவலகத்தில் பழைய திருமணப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். தம் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டுமே தாத்தா அறிவார். எந்த ஊர் என்பதை அவருடைய தந்தையார் சொல்லாமலே மறைந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டபோது, "திரும்பிப் போற ஊரா இருந்தா சொல்லியிருப்பாரு" என்று மட்டும் கூறினார்.

பழுப்பேறிய பதிவேட்டில் இலத்தீன் மொழியில் வரிகள் இருந்தன. மணமகனின் தமிழ்ப் பெயரை எழுதியவர் தம் காதுக்குக் கேட்டவாறு எழுதியிருந்தார். 'ழ' இருந்த இடத்தில் வேறேதோ எழுத்து. அதற்கடுத்த கட்டத்தில் பூர்வீக ஊரின் பெயர் இருந்தது. மாணவி அதனை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். தாத்தாவுக்குப் புரியவில்லை. மீண்டும் படித்தார். மூன்றாம் முறை தாத்தாவே அதனைச் சரியான தமிழ் ஒலியில் உச்சரித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நாம் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டோம். அங்கிருந்து பார்த்தால் மண்ணரிப்பில் கோடுகள் விழுந்த சயனைடு மேடு தெரியும்.

படம் எடுக்க அனுமதியில்லை என்பதால் அந்தப் பக்கத்தைப் பென்சிலால் அப்படியே பார்த்தெழுதினார் மாணவி. தாத்தா அதற்குள் வெளியே சென்று, குடியாத்தத்துக்கு மறுநாள் காலையில் எந்த இரயில் வசதியாயிருக்கும் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.