எஸ்பிரெஸோ காப்பிக்கேற்ற கொட்டைகளைத் தெரிந்தெடுத்தல்

காப்பி தமிழ்நாட்டு மலைகளிலேயே விளையும் சரக்காயிருந்தும், சமவெளிக் கிராமங்களில் அதனை அன்றாடம் அருந்துவோரில் மிகப் பலர் கொட்டையைக் கண்ணாற் பார்த்து வாங்குவதில்லை. பொடியாக வாங்கிப் பொடியாகவே செலவழிப்பது வழக்கமாகிவிட்டது. விதைநெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து, பல்லிற் கடித்துப் பார்த்தாலன்றி வாங்காத குடியானவர், அதனினும் பன்மடங்கு விலையுள்ள காப்பியை மட்டும் உறைமேல் அச்சிட்ட பெயரை நம்பி வாங்கிவருவது விந்தையே.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையேயுள்ள வன்னியம்பட்டி போன்ற ஊர்களில், பட்டணங்களில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் எஸ்பிரெஸோ என்னும் இத்தாலிய முறைக் காப்பி இறக்கும் சிறு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துச் செல்லும் வீடுகளில் இக்குறை இன்னும் பெரிதாகத் தோன்றும். பாத்திர பில்டரில் ஒருவாறு மறைந்துபோகும் கொட்டையின் குற்றங்கள் இவ்வியந்திரத்தில் மறையமாட்டா. பணத்தின் விஷயமும் சிறிதன்று. வியட்நாமிலும் பிரேஸிலிலும் மழை பொய்த்ததன் காரணமாக, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன் ஒன்று 5,000 டாலருக்கு மேல் விற்றது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ராத்தல் ஒன்று 4 டாலரைத் தாண்டி, 1977-ஆம் ஆண்டின் உச்ச விலையையும் மிஞ்சிற்று. விலை ஏறும் காலத்தில் கலப்படமும் கழிவுச் சரக்கும் கூடவே ஏறுமென்பதைப் பருத்தியும் எண்ணெயும் வாங்கிப் பழகியவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

முறையின் வேறுபாடு: பாத்திர பில்டரில் வெந்நீர் தன் பாரத்தினால் மட்டும் பொடியினூடே மெல்ல மெல்ல இறங்குகிறது. எஸ்பிரெஸோவிலோ, 90 முதல் 96 டிகிரி வரை உஷ்ணமுள்ள ஜலம் வாயுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அழுத்தத்தோடு, நயமாக அரைத்து இறுக்கிய பொடியினூடே தள்ளப்படுகிறது. டிகாக்ஷன் 25 அல்லது 30 விநாடியில் இறங்கிவிடும். 1901-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து பெட்ஸேரா என்பவர் இதற்கான நீராவி இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இன்று காணும் பொன்னிற நுரை, 1940-களின் இறுதியில் காஜியா என்பவர் நெம்புகோல் வைத்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே பரவலாயிற்று. இவ்வளவு குறுகிய நேரத்தில் இவ்வளவு அழுத்தத்தோடு சாரம் பிழிந்தெடுக்கப்படுவதால், கொட்டையிலுள்ள நயமும் தீமையும் சேர்ந்தே திரண்டு கோப்பையில் வந்துவிடுகின்றன. பூஞ்சணம் பிடித்த கொட்டை நூற்றுக்கு ஒன்றிருந்தாலும் நாவுக்குத் தெரியும்.

ஜாதி: வியாபாரத்தில் வழங்கும் காப்பி இரண்டே ஜாதி. அராபிகா என்பது 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயர்ந்த, குளிர்ந்த மலைகளில் விளைவது. மணமும் இனிய புளிப்பும் உடையது. ரொபஸ்டா என்பது 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் விளைவது. கசப்பும் கனமும் மிக்கது. அராபிகாவில் காபீன் என்னும் சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 1.2 பங்கு, ரொபஸ்டாவில் 2.2 பங்கு. எண்ணெய்ப் பசை அராபிகாவிற்கு அதிகம். நுரை ரொபஸ்டாவிற்கு அதிகம்.

ரொபஸ்டா என்றால் மட்டச் சரக்கு என்னும் எண்ணம் வெகுநாளாக வேரூன்றியது. உலர்செர்ரியாகக் காயவைத்து, மண்ணும் கல்லும் கலந்து வரும் ரொபஸ்டாவைப் பற்றி அது மெய்யே. ஆனால் இந்தியாவில் நிழல்மரங்களின் கீழ் வளர்த்து, பழுத்த பழத்தை மட்டும் பறித்து, தோலுரித்துக் கழுவி உலர்த்தும் ரொபஸ்டா வேறு தரத்தது. இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் தேசம் எஸ்பிரெஸோவின் தாயகமாகிய இத்தாலியே என்பதும், அங்குள்ள கலவைகளில் இக்கழுவிய ரொபஸ்டாவுக்கு நல்ல மதிப்பு உண்டென்பதும் இங்கே பலர் அறியாத செய்தி. வீட்டுக்கு எதிரே விளைந்ததை இகழ்ந்து கடல்கடந்த பெயருக்கு மயங்குவதில் பயனில்லை.

இனி, எந்த ஜாதியை எவ்வளவு சேர்ப்பதென்பது பாலைப் பொறுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பால்கோவாவினால் பெயர்பெற்றது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பால்வளம் உள்ள இவ்விடத்தில் காப்பியும் பெரும்பாலும் திக்கான பாலோடுதான் அருந்தப்படும். பசுவின் பாலாயினும் எருமைப் பாலாயினும், கொழுப்பு மிகுந்த பால் அராபிகாவின் மெல்லிய மணத்தை விழுங்கிவிடும். ஆகையால் பாலுடன் அருந்துவோர் கழுவிய அராபிகா ஏழு பங்கும் கழுவிய ரொபஸ்டா மூன்று பங்குமாகத் தொடங்குவது நலம். எருமைப் பாலாயின் ரொபஸ்டாவை நாலு பங்கு வரை உயர்த்தலாம். பாலின்றி அருந்துவோருக்கு அராபிகா மட்டுமே போதும். நுரை வேண்டுமாயின் பத்தில் ஒரு பங்கு ரொபஸ்டா சேர்த்தாற் போதும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் வெவ்வேறு பொதிகளின் பருத்தியை வேண்டும் நூலுக்கேற்பக் கலப்பதை அறிந்தவர்களுக்கு இக்கலவையின் நியாயம் எளிதில் விளங்கும்.

தரப் பெயர்கள்: கடையில் 'பிளாண்டேஷன்' என்று சொல்வது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை. 'பார்ச்மெண்ட்' என்பது ரொபஸ்டாவில் அவ்வாறு கழுவிப் பதப்படுத்தியது. 'செர்ரி' என்பது பழத்தோடு உலர்த்திப் பின் இடித்து எடுத்தது. பிளாண்டேஷன் ஏ, பி, சி என்ற பிரிவுகள் கொட்டையின் பருமனைக் குறிப்பவையேயன்றி ருசியைக் குறிப்பவை அல்ல. 6.65 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்குவது 'ஏ'. 6 மில்லிமீட்டர் கண்ணில் தங்குவது 'பி'. ஒரே தோட்டத்து 'பி' வேறொரு தோட்டத்து 'ஏ'யைவிடச் சுவையில் மேலாயிருத்தல் கூடும். பருமன் ஒன்றாயிருந்தால் வறுபடுவதும் ஒன்றாயிருக்கும் என்பதே சலிப்பதன் பிரயோஜனம். ஆகையால் 'ஏ' கிடைக்காவிடில் சுத்தமான 'பி' வாங்குவதில் நஷ்டமொன்றுமில்லை. விலையிற் சற்று லாபமுண்டு.

பீபரியைப் பற்றியும் ஒரு சொல். காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்துக்கு முகம் தட்டையாய் அமர்ந்திருக்கும். ஒன்று வளராமற் போனால் மற்றது உருண்டு பட்டாணிபோல் ஆகிறது, அதுவே பீபரி. விளைச்சலில் இது நூற்றுக்குச் சுமார் பத்துப் பங்கு. இதற்கென்று தனிச்சுவை உண்டென எண்ணி அதிக விலை கொடுப்போர் பலர். உருண்டையாயிருப்பதால் வாணலியில் நன்றாகப் புரண்டு சமமாய் வறுபடும் என்பது ஒன்றே நிச்சயமாகச் சொல்லத்தக்க சிறப்பு. வீட்டில் வறுப்பவருக்கு அது உதவி; வறுத்த கொட்டையை வாங்குவோர் அதற்கு மிகை கொடுப்பது வீண்.

பச்சைக் கொட்டையைப் பரீட்சித்தல்: நூறு கிராம் கொட்டையை வெள்ளைத் துணிமேற் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கழுவிய அராபிகா நீலம் கலந்த பச்சை நிறமாயிருத்தல் நலம். வெளுத்து வைக்கோல் நிறமானது பழஞ்சரக்கு, அல்லது ஈரத்தில் கிடந்தது. கறுத்த கொட்டை, பாதி வெட்டுண்ட கொட்டை, சுருங்கிய பிஞ்சு, ஊசித்துளை போன்ற ஓட்டை உடையது ஆகியவற்றைத் தனியே பொறுக்கி எடைபோட வேண்டியது. இத்துளைகள் காய்த்துளைப்பான் வண்டின் வேலை. 1990-ஆம் ஆண்டில் நீலகிரி ஜில்லா கூடலூர்ப் பக்கத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வண்டு பின்னர்ப் பிற காப்பிப் பிரதேசங்களுக்கும் பரவிவிட்டது. பொறுக்கியெடுத்த கழிவு நூறு கிராமில் ஐந்து கிராமுக்கு மேற்பட்டால் அச்சரக்கை எஸ்பிரெஸோவுக்கு வாங்கவேண்டாம். பின்பு ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து ஊதி முகர்ந்து பார்க்க வேண்டும். பச்சைப்பயறு வாசனை இருக்கலாம், சாக்கு நாற்றமும் புளித்த நாற்றமும் இருக்கலாகாது. பல்லில் கடித்தால் மெத்தென்று பதியாமல் இறுகியிருக்கவேண்டும். மெத்தென்றிருப்பது ஈரம் போகாத சரக்கு. அதற்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி தண்ணீருக்குக் கொடுப்பதே.

இவ்வாறு பார்த்து வாங்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் கீழ்ப்பழனி மலைகளின் காப்பியும், அதைப் பதப்படுத்துவதில் நெடுநாட் பழக்கமுள்ள பட்டிவீரன்பட்டியும் அண்டைப் பிரதேசமே. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் உள்ளது. சேர்வராயன், நீலகிரி, ஆனைமலைப் பக்கங்களிலும் நல்ல அராபிகா விளைகிறது. 1990-களில் காப்பி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் படிப்படியாகத் தளர்ந்து நீங்கியபின், தோட்டக்காரர் தம் சரக்கைத் தாமே நேரில் விற்கலாமென்று ஏற்பட்டுவிட்டது. ஆகையால் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு தோட்டத்திலிருந்து நேராகப் பத்துக் கிலோ வாங்கிப் பகிர்ந்துகொள்வது எளிது. பறித்த பருவம் எது, பழுத்ததை மட்டும் பறித்தார்களா, கொத்தாக உருவினார்களா என்பவற்றை அப்போது கேட்டறியலாம். உருவிப் பறிப்பது கூலியில் மிச்சம். பச்சைக்காயும் அதில் சேர்ந்துவிடுமாதலால் கோப்பையில் துவர்ப்பு. பொறுக்கிப் பறிக்கும் தோட்டக்காரருக்குச் சற்று அதிகம் கொடுப்பவர் இல்லையேல் அவரும் உருவத் தொடங்குவார்.

வறுத்தல்: ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தபின் 800 முதல் 850 கிராம் வரை நிற்கும். கனத்த இரும்பு வாணலியில் ஒரே முறையில் கால் கிலோவுக்கு மேல் போடலாகாது. இடைவிடாது கிளறவேண்டும். பச்சை மாறி மஞ்சளாகி, பின் பழுப்பாகி, ஏறக்குறைய 200 டிகிரியை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் வெடிக்கும் ஓசை கேட்கும். இது முதல் வெடிப்பு. இது அடங்கிச் சிறிது நேரத்தில், மெல்லிய சுள்ளி முறிவதுபோன்ற இரண்டாம் வெடிப்புத் தொடங்கும். பாலின்றி அருந்துவதற்கு முதல் வெடிப்பு அடங்கியவுடன் நிறுத்தவேண்டும். பாலுக்கு, இரண்டாவது வெடிப்பின் முதற் சில ஓசைகளோடு இறக்கலாம். அதற்குமேல் கறுக்க வறுத்து எண்ணெய் கசிந்த கொட்டை கரிச்சுவை தருவதோடு, அரைக்கும் கருவியிலும் பிசுக்கேற்றி அடைத்துவிடும். இறக்கியதும் முறத்திற் கொட்டிப் புடைத்து உடனே ஆற்றவேண்டும். வாணலியிலேயே விட்டால் உள்ளுஷ்ணத்தால் வறுபட்டுக்கொண்டே இருக்கும். ரொபஸ்டாவையும் அராபிகாவையும் தனித்தனியே வறுத்துப் பின் கலப்பதே முறை.

ஒரு விஷயத்தில் பழைய வழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். 'இன்று வறுத்தது' என்பது பில்டருக்குப் பெருமை. எஸ்பிரெஸோவுக்கு அது குற்றம். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு பல நாள் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். முதல் இரண்டொரு நாளில் இயந்திரத்திலிட்டால் நுரை மட்டும் பொங்கிச் சாரம் சரியாக இறங்காது. ஒரு வாரம் ஆறவிட்டு, ஒரு மாதத்திற்குள் செலவழிக்க வேண்டியது. வறுத்த தேதி போடாத பொட்டலத்தை, எத்துணைப் புகழ்பெற்ற பெயருடையதாயினும், வாங்காதிருப்பதே நலம். சித்திரை, வைகாசி வெயிலில் மேற்கூரை சுடும் அறையில் வைத்தால் மணம் விரைவிற் போய்விடும். காற்றுப்புகாத டப்பாவில், அடுப்பங்கரைக்கு எட்ட, தரையோடு ஒட்டிய குளிர்ந்த இடமே தகும்.

சிக்கரி: இது காப்பியன்று, ஒரு செடியின் கிழங்கை வறுத்துப் பொடித்தது. சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது. இரண்டின் அளவையும் உறையில் காட்டவேண்டும். பில்டர்க் காப்பியில் திடமும் நிறமும் வேண்டிச் சிறிது சேர்ப்பது அவரவர் விருப்பம். எஸ்பிரெஸோ இயந்திரத்தில் இது ஆகாது: ஈரம் பட்டவுடன் பிசினாகி, அழுத்தத்தில் சல்லடைக் கண்களை அடைக்கும். சந்தேகம் எழுந்தால் ஒரு தம்ளர் குளிர்ந்த நீரின்மேல் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவிப் பார்க்கவும். காப்பி வெகுநேரம் மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் பழுப்புக் கோடுகளை விட்டுக்கொண்டு அமிழும்.

அரைவையும் சோதனையும்: பில்டருக்கு அரைத்த பொடி இயந்திரத்திற்கு உதவாது, பத்து விநாடியில் ஜலம் ஓடிவிடும். பொடியுப்பினும் நயமாக, மாவினும் சற்றுக் கரகரப்பாக, வேண்டும்போது மட்டும் அரைக்கவேண்டும். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் டிகாக்ஷன் 25 முதல் 30 விநாடியில் இறங்கினால் அரைவை சரி. விரைவாக இறங்கிப் புளித்தால் இன்னும் நயமாகவும், சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் சற்றுப் பருக்கவும் அரைக்கலாம். அரைவையைத் திருத்தியும் குற்றம் தீராவிடில், அப்போதுதான் கொட்டையைக் குறைகூற வேண்டும். கிணற்று நீர் உப்பாயிருந்தால் ருசியும் கெடும், இயந்திரத்தினுள் சுண்ணாம்பும் படியும். குடிப்பதற்கேற்ற மெல்லிய நீரையே ஊற்றவேண்டும். நாளொன்றுக்கு இருமுறை 18 கிராம் வீதம் செலவாகும் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 1,100 கிராம் வறுத்த கொட்டை, அதாவது சுமார் 1,300 கிராம் பச்சைக் கொட்டை போதும்.

விலையேற்றத்தைக் கண்டு, மேற்கே மலை அருகிலிருப்பதால் வன்னியம்பட்டித் தோப்புகளிலேயே காப்பி வைக்கலாமா என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றலாம். அது கூடாது. அராபிகாவுக்கு 15 முதல் 25 டிகிரி உஷ்ணமும், ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும் வேண்டும். ரொபஸ்டாவுக்கும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் ஒவ்வாது. விருதுநகர் ஜில்லாவின் சராசரி மழையோ ஆயிரம் மில்லிமீட்டரை எட்டுவதில்லை. தென்னந்தோப்பின் நிழலில் செடி உயிர்பிழைத்து நின்றாலும் பூவும் காயும் நம்பத்தக்கதாயிராது. நாற்றுக்குக் கொடுக்கும் பணம் நஷ்டமே.

கிராம நிர்வாக அலுவலர்கள் இன்னொன்றைக் குடிகளுக்குத் தெரியப்படுத்தலாம். உறையில் காட்டியதற்கு மாறாகப் பொடியில் கலப்பு இருப்பதாக ஐயப்படுவோர் தாலுகாவுக்குரிய உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். அன்றியும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே குறித்த கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரைக்கொண்டு பொருளைச் சோதிக்கச் செய்யலாம். இதற்காகப் பொட்டலத்தின் உறையையும் விலைச்சீட்டையும் எறிந்துவிடாமல் வைத்திருக்கவேண்டும்.