டிரவுட் சிக்கினால் பாடம் செய்யலாமா?

திருச்சி கே.கே. நகரிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களில் தூண்டில் பிரியர்களும் உண்டு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கெண்டை, கெளுத்தி, விரால் பிடித்துப் பழகிய கை, அவலாஞ்சியின் குளிர்ந்த நீரில் முதன்முறையாக டிரவுட் மீனைத் தொடும்போது ஒரு ஆசை வருவது இயல்பு: இதைப் பாடம் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினால் என்ன? அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் கையில் துடிக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. தண்ணீருக்கு வெளியே ஒவ்வொரு நொடியும் அதன் உயிரைக் குறைக்கிறது. ஆகவே எப்படிப்பட்ட மீனை எடுப்பது, எதை விடுவது என்று திருச்சியை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்த மீன் எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. டிரவுட் நம் நாட்டு மீன் இல்லை. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரியில் அதை வளர்க்க முயன்றார், கைகூடவில்லை. பிறகு சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணராக இருந்த ஹென்றி சார்லஸ் வில்சன்தான் வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் உருவானது. நீலகிரியில் நிலைத்தது வானவில் டிரவுட். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம். உடலின் நடுவே ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையும் கரும்புள்ளிகளும் அதன் அடையாளம். காஷ்மீரில் 1900இல் வேரூன்றியது பழுப்பு டிரவுட் என்ற வேறு இனம். இரண்டுக்குமே குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீர் வேண்டும். மேட்டூருக்குக் கீழே அவை பிழைக்க வழியே இல்லை.

இனி அளவு. உலகச் சாதனை வானவில் டிரவுட் கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் டீஃபன்பேக்கர் ஏரியில் 2009இல் சிக்கியது. 48 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 22 கிலோ. இனப்பெருக்கம் செய்ய முடியாதபடி மூன்று தொகுதி குரோமோசோம்களோடு பண்ணையில் உருவாக்கப்பட்டு, அங்கிருந்து தப்பிய இனத்து மீன் அது. முட்டைக்குச் செலவாக வேண்டிய சக்தியெல்லாம் உடம்புக்கே போய்விட, வளர்ந்துகொண்டே இருந்தது. இதை அளவுகோலாக வைத்தால் நீலகிரியில் எந்த மீனும் தேறாது, வைக்கவும் கூடாது. அந்தந்த நீர்நிலையில் வழக்கமாகக் கிடைப்பதைவிட இது எவ்வளவு பெரியது என்பதே கேள்வி. சிறிய மலையோடையில் ஒன்றரைக் கிலோ மீன், பெரிய அணையில் கிடைக்கும் அதே எடை மீனைவிட மதிப்புள்ளது. எது வழக்கம், எது அபூர்வம் என்று அங்கே நாள்தோறும் நிற்கிற உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். நம் கண் பெரும்பாலும் பெரிதாக்கியே பார்க்கும்.

தராசு இல்லாவிட்டாலும் எடையை ஓரளவு கணிக்கலாம். தையல் டேப் போதும். வாய் நுனியிலிருந்து வால் வரை நீளம், முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் உடலின் சுற்றளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். 50 செ.மீ. நீளம், 27 செ.மீ. சுற்றளவு என்றால் சுமார் 1.25 கிலோ. தூண்டில்காரர்கள் அங்குலத்திலும் பவுண்டிலும் 800ஆல் வகுக்கும் பழைய வாய்பாடுதான் இது. மெட்ரிக்கில் மாற்றிப் போட்டிருக்கிறேன். மெலிந்த மீனுக்கும் முட்டை நிறைந்த மீனுக்கும் கொஞ்சம் முன்பின் ஆகும்.

அளவைவிட உடல்நிலையை நான் பெரிதாக நினைக்கிறேன். சிமெண்ட் தொட்டியில் நெருக்கமாக வளர்ந்து பிறகு ஏரியில் விடப்பட்ட மீனுக்குத் துடுப்பு தேய்ந்து மொட்டையாகியிருக்கும், வால் ஓரம் கிழிந்திருக்கும். ஓடையில் வளர்ந்த மீனுக்குத் துடுப்புகள் விசிறி போல் விரியும், நிறம் அழுத்தமாக இருக்கும். முதிர்ந்த ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் கீழ்த்தாடை கொக்கி போல மேல்நோக்கி வளையும்; அப்படி ஒன்று சிக்கினால், எடை குறைவாக இருந்தாலும், அது பார்க்க வேண்டிய மீன். மகளோ மகனோ வாழ்நாளில் முதன்முதலாகப் பிடித்த மீன் என்பதும் நியாயமான காரணமே. அதற்கு எடை பார்க்க வேண்டியதில்லை.

இப்போது பலருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். பாடம் செய்த மீன் என்று நாம் பார்ப்பதில் மீன் எவ்வளவு இருக்கிறது? தோலும் துடுப்பும்தான். உள்ளே செதுக்கிய நுரைக்கட்டை, முகத்தில் கண்ணாடிக் கண். டிரவுட், சால்மன் வகையில் தலைச் சதை காய்ந்ததும் சுருங்கிக் கோணலாகிவிடுவதால், பல கைவினைஞர்கள் தலையையே வார்ப்பில் செய்து ஒட்டுகிறார்கள். நிறமோ மீன் செத்த சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கி, காய்ந்த தோலில் சாம்பலாகிவிடுகிறது. அந்த இளஞ்சிவப்புப் பட்டை, புள்ளிகள், வயிற்றின் வெள்ளி எல்லாம் கடைசியில் ஒருவர் வண்ணம் தீட்டிக் கொண்டுவருவதே. அப்படியென்றால் அவருக்குத் தேவை நல்ல படங்களும் சரியான அளவுகளும். மீனின் சடலம் தேவையே இல்லை. நீளம், சுற்றளவு, இரு பக்கப் படங்கள் இருந்தால் கண்ணாடி இழையில் அதே அளவுக்கு ஒரு பிரதி வார்த்து வண்ணம் பூசிவிடலாம். மேலை நாடுகளில் மீனை உயிரோடு திரும்ப விடுகிறவர்கள் இந்த வழியைத்தான் எடுக்கிறார்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிரவுட் கொழுப்பு மிகுந்த மீன். தோலிலும் துடுப்பின் அடியிலும் தலையிலும் எண்ணெய் தங்கிவிட்டால், ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகக் கசிந்து வண்ணத்தைக் கெடுக்கும். திருச்சியில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேற்குப் பார்த்த சுவர் இரவிலும் சூடாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறினால் பூஞ்சை. காய்ந்த தோலைத் தேடி வரும் வண்டுகள் தனி. லண்டனிலோ ஊட்டியிலோ ஐம்பது ஆண்டு தாங்கும் பொருள் கே.கே. நகர் கூடத்தில் அப்படித் தாங்கும் என்று நம்ப முடியாது. பிரதிக்கு இந்தத் தொல்லை இல்லை.

செய்து தருகிறவர்களும் குறைவு. ஒரு காலத்தில் மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பணிமனை உலகப் புகழ் பெற்றிருந்தது. ராஜாக்களின் புலிகளும் சிறுத்தைகளும் அங்கேதான் பாடம் செய்யப்பட்டன. அது மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன் 1946இல் கபினியில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். கபினி காவிரியில் கலக்கும் ஆறு. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் ஆற்றின் மேல்பகுதியில் அத்தனை பெரிய மீன் இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஏனென்றால் அந்தக் காவிரி மஹ்சீர், கழுத்துக்குப் பின்னால் திமில் உள்ள இனம், இன்று அழியும் விளிம்பில் இருக்கிறது. அதற்குச் சரியான அறிவியல் அடையாளமே 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் சேர்க்கப்பட்டது. அணைகள், வெடி வைத்து மீன் பிடித்தல், மணல் அள்ளுதல் எல்லாம் அதை நெருக்கின. மகாராஷ்டிரத்தின் லோணாவ்ளா பொரிப்பகத்திலிருந்து நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்து விட்ட வேறு மஹ்சீர் இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மோயாறு போன்ற சில துண்டுகளில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. டிரவுட் விஷயத்தில் ஒரு மீனைச் சமையலுக்கு எடுத்தால் இயற்கைக்கு நட்டமில்லை; அது வந்தேறி, இங்குள்ள சிறு மீன்களைத் தின்பதும் கூட. காவிரி மஹ்சீர் உங்கள் தூண்டிலில் தவறிச் சிக்கினால், எத்தனை பெரிதானாலும், தண்ணீரிலிருந்து தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள். இதில் அளவும் அழகும் பேச்சே இல்லை.

எல்லாம் யோசித்த பிறகும் தோலையே பாடம் செய்யத்தான் வேண்டும் என்றால், சில காரியங்களில் தவறக்கூடாது. வயிற்றைக் கீறிக் குடலை எடுக்காதீர்கள், செவுளைப் பிடித்துத் தூக்காதீர்கள், செதிலைச் சுரண்டாதீர்கள். நிறம் மங்கும் முன் நிழலில் வைத்து இரு பக்கமும் படம் எடுங்கள். துடுப்புகளை உடலோடு படிய வைத்து, ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மடங்காமல் படுக்கையாக உறைய வையுங்கள். ஊட்டியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். வழியில் ஐஸ் கரைந்து நீரில் ஊறினால் தோல் பாழ்.

கம்பை எடுக்கும் முன் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு வேண்டும். அவலாஞ்சி காட்டுப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதியும் தேவைப்படும். எத்தனை மீன், என்ன அளவுக்கு மேல் எடுக்கலாம் என்று அந்தச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். நீலகிரியில் சிக்கும் நூறு டிரவுட்டில் ஒன்றைக்கூடத் தோலை உரித்துச் சுவரில் மாட்டத் தேவையில்லை. பசித்தால் ஒன்றைச் சமைத்துச் சாப்பிடுங்கள். அபூர்வமானதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, அளந்து, படம் எடுத்து, ஓடையிலேயே விட்டுவிட்டு, பிரதி செய்யக் கொடுங்கள். கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுத் தூண்டில் போட்டால் அதைக் கழற்றுவதும் எளிது.