'படித்தான்' சொல்லும் பாடம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிவிடுகிறார்கள். எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம். 'படித்தான்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'படிதான்' என்று எழுதுகிறார்கள். அது படிக்கட்டைக் குறித்துவிடும்! நாமும் திருத்துகிறோமே தவிர, காரணம் சொல்வதில்லை.

காரணத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துத் தந்திருக்கிறார். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்பன சொல்லின் ஆறு உறுப்புகள். எல்லாச் சொல்லிலும் ஆறும் வரவேண்டியதில்லை.

படி + த் + த் + ஆன்.

'படி' பகுதி, அதுவே வேர். முதல் 'த்' சந்தி. அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை. 'ஆன்' ஆண்பால் விகுதி. விகுதியை மாற்றினால் படித்தேன், படித்தாய், படித்தாள். இந்தியில் 'நான் போகிறேன்' என்பதற்கு ஆண் 'ஜாதா' என்பான், பெண் 'ஜாதீ' என்பாள். மராத்தியில் 'ஜாதோ', 'ஜாதே'. தமிழில் 'படித்தேன்' இருவருக்கும் பொது. 'நான்' என்று சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

இனி அதே சொல்லை அசை பிரியுங்கள்: படித் / தான். நிரை, நேர், வாய்பாடு புளிமா. ஒரு 'த்' முதல் அசையை முடிக்கிறது, மற்றது அடுத்த அசையைத் தொடங்குகிறது. வாய்விட்டுச் சொன்னால் காதே காட்டிக்கொடுக்கும்.

இன்றிரவு 'நடந்தான்' என்பதைப் பிரிக்கச் சொல்லுங்களேன். நட + த்(ந்) + த் + ஆன். சந்தி 'த்' இங்கே 'ந்' ஆனது விகாரம். பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்துவிட்டால், ஊரிலுள்ள பாட்டிக்கு எழுதும் நாலு வரி பிழையின்றிப் போய்ச் சேரும்.