மூன்றாவது துளை

மதுரையில் எங்கள் வீட்டுச் சமையலறையில், கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு பல வருடங்களாகக் கிடந்தது. வீட்டுக்குள் செருப்பே போடாத அம்மா, மாவாட்டும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்வார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "கல்லத் தள்ளிவிடும்போது சுர்ருனு இழுக்குதுல்ல, அதான்" என்றார். அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் சுற்றியிருந்த துணிக்கும் அதுதான் காரணம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதைப் படிக்கிற பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு செருப்போ, மணைப்பலகையோ, மடித்துப் போட்ட சாக்கோ இருக்கக்கூடும். ஷாக் அடிப்பதை வீட்டின் சுபாவமாக எடுத்துக்கொண்டு அதோடு வாழப் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தால் ஒரு மழைநாளில் உயிர் போகலாம்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு மூன்று எலக்ட்ரீஷியன்கள் வந்தார்கள். முதலாமவர் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு வயர்களை இடம் மாற்றி முடுக்கினார். நாலு நாள் ஷாக் அடிக்கவில்லை, பிறகு அடித்தது. இரண்டாமவர் மோட்டார் போய்விட்டது, புது கிரைண்டர் வாங்கிவிடுங்கள் என்றார். மூன்றாவதாக வந்தவர் அடுத்த தெருக்காரர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கிரைண்டரைத் தொடவே இல்லை. "அத அப்புறம் பாப்போம் சார். மொதல்ல வீட்டப் பாப்போம்" என்றபடி பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். பிளக் பாயிண்டின் கீழ் இரண்டு துளைகளிலும் வயரை வைத்தார். பல்பு எரிந்தது. ஒரு வயரை மேலே இருக்கிற பெரிய துளைக்கு மாற்றினார். எரியவில்லை.

"எர்த்தே இல்லையே சார். எத்தன வருசமா இப்டி ஓட்டுறீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மூன்றாவது துளையை நான் ஒருநாளும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஆனால் பிளக்கை வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். மூன்று முள் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேல் முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளம் கூடுதலாக இருப்பதால் சொருகும்போது எர்த் முதலில் சேரும், உருவும்போது கடைசியில் பிரியும். தடிமன் கூடுதலாக இருப்பதால் கரண்ட் வருகிற சின்னத் துளைக்குள் தப்பித்தவறிக்கூட நுழையாது. கிரைண்டர் மோட்டாரில் மாவுத் தண்ணீர் இறங்கி, கரண்ட் வெளி உடம்புக்குக் கசிந்தால், அது பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். அந்த வழி அறுந்திருந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவரின் உடம்பே வழியாகிவிடும்.

ஹாலில் ஃபிரிட்ஜ் பாயிண்டில் வைத்தபோது மேல் துளையிலும் பல்பு எரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகம் சுருங்கியது. மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு சாண் வயர் ஓடியது. எப்போதோ யாரோ, எர்த் இல்லை என்று தெரிந்து, நியூட்ரலையே எர்த்துக்கு லூப் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்பும் எரியும், வீட்டுக்காரரும் திருப்தியாவார். ஆனால் அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், அல்லது கம்பத்தில் வேலை நடக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், ஃபிரிட்ஜின் மொத்த உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்தே இல்லாத போர்டைவிட இந்த லூப் மோசமானது என்பேன். கடையில் விற்கிற, சொருகினால் மூன்று விளக்கு எரிகிற சோதனைக் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது. போர்டைக் கழற்றிப் பார்க்கிற ஆள்தான் கண்டுபிடிப்பார். டெஸ்ட் லேம்ப் சோதனையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவர் கை செய்யட்டும்.

வீடு 1986-ல் கட்டியது. பின்னால் வாசலுக்கு டைல்ஸ் பதித்தபோது எர்த் கம்பியைக் கொத்தனார் வெட்டி, அதன் மேலேயே சிமென்ட் பூசியிருக்கிறார். அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எர்த் அறுந்தாலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், டிவி ஓடும். வேறெந்த வயர் அறுந்தாலும் அன்றே தெரிந்துவிடும். இது மட்டும் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால்தான் ஒரு எலக்ட்ரீஷியனின் தரத்தை எடைபோட எர்த்தைவிட நல்ல இடம் இல்லை என்று நான் நம்புகிறேன். நீங்கள் கேட்காத, உங்கள் கண்ணில் படாத வேலை அது. அதைத் தானாகப் பார்க்கிறவர் மற்ற வேலையிலும் ஏமாற்ற மாட்டார்.

பின்பக்கம் புதிதாகக் குழி தோண்டி, எட்டடிக்கு மேல் நீளமான கால்வனைஸ்டு குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். கோடையில் குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொன்னார். பழைய ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்சிபிகள் வைத்தார். அவற்றுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்தார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. எம்சிபி காப்பது வயரை. அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால், ஷார்ட் ஆனால், அது விழும். மனித உடம்பு வழியாகப் போகிற கரண்ட் அதன் கணக்கில் வராது. 6 ஆம்பியர் எம்சிபி என்றால் 6,000 மில்லி ஆம்பியர். அதில் இருநூறில் ஒரு பங்குதான் 30 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போகிற கரண்ட் இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். ஆர்சிசிபி செய்கிற வேலை வேறு. வீட்டுக்குள் போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. திரும்பி வருவது அந்த 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று கண் இமைக்கிற நேரத்தில் விழுந்துவிடும். எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: போதாது.

பொருத்திய அன்றே அது நான்கு தடவை விழுந்தது. சீரியல் பாதியில் நின்ற கோபத்தில் அம்மா, "இது தொல்லையால்ல இருக்கு, எடுத்துருங்க தம்பி" என்றார். "இது சும்மா விழலம்மா. எங்கயோ கசியுதுன்னு நமக்குச் சொல்லுது" என்றார் அவர். மறுநாள் முழுக்க ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்து, குளியலறை ஹீட்டரின் காயில் கசிவதையும், மாடி விளக்கின் நியூட்ரல் வேறொரு லைனோடு கலந்திருப்பதையும் கண்டுபிடித்தார். இந்த இடத்தில், ஆர்சிசிபியை விட்டுவிட்டு லைனை நேராக இணைக்க, "அடிக்கடி ட்ரிப் ஆகுது, டைரக்ட் பண்ணிரவா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "எம்சிபி விழுதா, பெருசா ஒண்ணு போட்டுரலாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், எம்சிபி விழாது, சுவருக்குள் வயர் வேகும். அப்படிச் சொல்கிறவரிடம் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் வீடுகளின் வயரிங் எந்தக் காலத்துக்காகப் போடப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு அறைக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் பாயிண்ட் என்ற கணக்கில் போட்டது. 2006-க்குப் பிறகு அரசின் இலவசக் கலர் டிவி வந்தது. 2011-ல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வந்தது. பிறகு ஏசி, இண்டக்ஷன் அடுப்பு, இப்போது ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிற பேட்டரி ஸ்கூட்டர். சாமான்கள் ஒவ்வொன்றாக மாறின, சுவருக்குள் இருக்கிற வயர் மாறவில்லை. ஒன்றரை டன் ஏசிக்கு மெயினிலிருந்து 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுக்க வேண்டும். பக்கத்து பிளக் பாயிண்டிலிருந்து லூப் எடுத்துக் கொடுப்பது குறுக்குவழி. லோடு கூடும்போது மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அனுமதிக்கப்பட்ட லோடையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மீட்டர் வரைக்கும் இருப்பது வாரியத்தின் பொறுப்பு, அந்த சீலை எந்த எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது. கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் அழைக்க வேண்டியது வாரியத்தின் மின்னகம், 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாம் உங்கள் பொறுப்பு.

பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற வேலைகளைத் தவிர, புது லைன் இழுப்பது, வயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம்தான் நடக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். அதே சமயம், பதினைந்து வயதில் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, கையில் ஒரு சான்றும் இல்லாமல், மிக நேர்த்தியாக வேலை செய்கிற மனிதர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்காகவே அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயதும் ஐந்து வருட வயரிங் அனுபவமும் இருந்தால் எழுதலாம், வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. உங்கள் எலக்ட்ரீஷியனிடம் அதைச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தயங்குகிறவராக இருந்தால் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

கூலி விஷயத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான். ரெகுலேட்டரோடு ஃபேன் ஒரு பாயிண்டா, இரண்டா? மாடிப்படி டூ-வே சுவிட்ச் எத்தனை பாயிண்ட்? சுவரைக் குடைவதும் பூசுவதும் அதில் சேர்ந்ததா? வேலை தொடங்குமுன் ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். சாமான் பட்டியலை அவரிடம் வாங்கி, நீங்களே கடைக்குப் போய், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பழுதைக் கண்டுபிடிக்க ஆகிற நேரத்துக்கும் காசு கொடுங்கள். எங்கள் வீட்டில் அவர் ஒரு நாள் முழுக்கச் செலவழித்து சரிசெய்தது இரண்டே இரண்டு இடம். "ரெண்டு இடத்துக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களால்தான் அடுத்த வீட்டில் அவர் டைரக்ட் செய்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

தெருவிலேயே ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எந்தச் சுவரில் எந்தக் குழாய் போகிறது என்பது போட்டவருக்குத்தான் தெரியும். பூசுவதற்கு முன் சுவரை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போது உதவும். எம்சிபிகள் இருக்கிற டிபி பாக்ஸில் எது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

அவருடைய உயிரையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் மேலே ஏணியில் நிற்கும்போது, விவரம் தெரியாத ஒருவர் வந்து மெயினைப் போட்டுவிடக் கூடாது. மெயின் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால், வேலை தொடங்குமுன் வாய்திறந்து சொல்லுங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும், அதுவும் 230 வோல்ட்தான். மாடியில் சோலார் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஆர்சிசிபியின் முகப்பில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் வீட்டில் கரண்ட் போனால் கருவி வேலை செய்கிறது, போகாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். இன்றைக்கே உங்கள் டிபி பாக்ஸைத் திறந்து அந்தப் பொத்தானைத் தேடுங்கள். அப்படியொரு பொத்தானே இல்லையென்றால், மழை தொடங்குமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வந்ததும் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.