சொல்லிவைத்தாற்போல் வரும் காய்ச்சல்

பிள்ளை வளர்ப்புத் தொடர் – 6

மூன்று வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்று சொன்னால் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ப்ரீகேஜிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளியும் காய்ச்சலும் வந்து போவது வாடிக்கைதான். "ஸ்கூலுக்குப் போனா அப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதிலும் தப்பில்லை. போன வாரம் அந்தச் சாதாரணக் காய்ச்சல்களைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கணக்கில் சேராத ஒன்று.

மூக்கு ஒழுகாது. இருமல் இருக்காது. வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டாது. காலையில் ஓடியாடிய பிள்ளைக்குச் சாயங்காலம் 103, 104 டிகிரி அடிக்கும். பாராசிட்டமால் கொடுத்தால் கொஞ்சம் தணிந்து, வேளை தாண்டியதும் மறுபடி ஏறும். நாலைந்து நாள் பாடாய்ப் படுத்திவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விடும். பிள்ளை "பசிக்குது" என்று வந்து நிற்கும். நாலு வாரம் கழித்து, சொல்லிவைத்தாற்போல் மறுபடி அதே காய்ச்சல்.

என் மகளுக்கு இப்படித்தான் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அத்தைக்குக் கண்ணேறு. என் அம்மாவுக்கு ஐஸ்கிரீம். கணவருக்கு ஸ்கூல் தண்ணீர். மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அதே மூன்றாம் நாள் அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அதற்கும் ஐந்தாம் நாள்தான் விட்டது. தானாக ஐந்தாம் நாள் இறங்கும் காய்ச்சலுக்கு நடுவில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். மருந்து கேட்டது என்று நம்பி, அடுத்த மாதமும் அதே பாட்டிலை வாங்குவோம். நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டிவிடுவார்கள். டைபாய்டு பரவலாக உள்ள இடத்தில் அந்தப் பரிசோதனை நோய் இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டக்கூடும். மாதாமாதம் ஒரு பிள்ளைக்கு டைபாய்டு வருமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இந்த வகைக் காய்ச்சல்களில் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதற்கு பிஎஃப்ஏபிஏ என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1987இல் அமெரிக்காவில் மார்ஷல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 12 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஆறு நாள் இருக்கும். மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பும். நாலு அறிகுறியும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா முறையும் வர வேண்டும் என்பதில்லை.

காய்ச்சல் என்றால் கிருமி என்றுதான் நமக்குப் பழக்கம். இதில் கொல்ல வேண்டிய கிருமி எதுவும் இல்லை. உடம்பில் பிறவியிலேயே இருக்கும் முதல்கட்டப் பாதுகாப்பு, காரணமில்லாமல் தானே முடுக்கிக்கொண்டு அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. இன்டர்லூகின்-1 போன்ற வேதிப்பொருட்கள் ரத்தத்தில் பெருகி, காய்ச்சலை ஏற்றுகின்றன. கள்ளன் வராமலே அடிக்கிற அலாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐஸ்கிரீமும் மழையும் வெயிலும் இதைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

இந்த நோயை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது என்பதுதான் பெற்றோரைத் திணற வைக்கும். காய்ச்சல் நாளில் ரத்தம் எடுத்தால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எகிறி இருக்கும். கிருமித் தொற்றிலும் அப்படித்தான் இருக்கும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, பிள்ளை நன்றாக விளையாடும் நாளில் எடுத்துப் பார்த்தால் சிஆர்பி இயல்புக்கு வந்திருக்க வேண்டும். நல்ல நாளிலும் அது இறங்காமல் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். "நல்லாத்தானே இருக்கா, இப்ப எதுக்கு ஊசி குத்தணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நன்றாக இருக்கும்போது எடுக்கும் ரத்தத்துக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். எடை, உயரம், பசி, தூக்கம் எல்லாமே அப்படித்தான். காய்ச்சலுக்கு நடுவில் பிள்ளை வயதுக்கேற்ப வளர்கிறதா என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். ஆக, இந்த நோயை அடையாளம் காட்டுவது காய்ச்சல் இல்லாத நாட்கள்.

அதனால் நோட்டுப் போடுங்கள். எங்கள் குழந்தை மருத்துவரிடம் வரும் ஓர் அம்மாவின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்கக் கோடு போட்ட பள்ளி நோட்டு. அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும் இடத்தில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார். ஒரு முறை வந்த காய்ச்சலுக்கு ஒரு பக்கம். தொடங்கிய தேதி, மணி, ஏறிய உச்சம், வாய்ப்புண் எந்தப் பக்கம், கழுத்தில் நெறி உண்டா, வயிற்றுவலி, மூட்டுவலி, தடிப்பு, கொடுத்த மருந்து, காய்ச்சல் விட்ட தேதி. பக்கத்தின் அடியில், விட்ட நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை நல்லபடியாக இருந்த நாட்களின் எண்ணிக்கையைச் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டிருந்தார். மருத்துவர் காய்ச்சல் விவரத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அந்த வட்டங்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். 23, 24, 22, 24. "இது போதும்மா. ஆறு ஃபைல் கொண்டுவந்தாலும் எனக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார். தடிப்பையும் வாய்ப்புண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்துக்கு அவை மறைந்துவிடும்.

எண்ணிக்கை எதற்கு என்றால், ஒவ்வொரு நோயும் ஒரு கணக்கில் வருகிறது. 21 நாளுக்கு ஒருமுறை வாய்ப்புண்ணும் ஈறு வீக்கமுமாக வந்தால், ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு சுழற்சியாகக் குறையும் கோளாறு இருக்கலாம். அப்போது பிள்ளைக்கு உண்மையான கிருமித் தொற்று ஆபத்தாக மாறக்கூடும். அதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். பிள்ளைக்கும் நமக்கும் சோதனைதான். ஆனாலும் மருத்துவர் கேட்டால் தட்டாமல் செய்யுங்கள். வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலும், தடுப்பூசி போட்டதும் கிளம்பும் காய்ச்சலும் வேறு மரபணுக் கோளாறுகளைக் காட்டக்கூடும். அதற்காக நீங்களாகத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள்.

ஒன்று முதல் மூன்று நாளில் விட்டுவிடும் காய்ச்சலோடு வயிறு தாங்க முடியாமல் வலித்தால் யோசிக்க வேண்டியது எஃப்எம்எஃப் என்ற மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலை. துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரேபியரிடம் அதிகம். நம்மிடம் அரிது. குடல்வால் வீங்கிவிட்டது என்று நினைத்து இந்தப் பிள்ளைகளின் வயிற்றைத் திறந்த கதைகள் அந்த நாடுகளில் ஏராளம். 1997இல் இதற்கான எம்இஎஃப்வி மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. கவனிக்காமல் விட்டால் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சிறுநீரகம் கெடும். 1972 முதல் இதற்குக் கொடுக்கப்படும் மருந்து கால்ச்சிசின். அந்த மருந்துப் பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, அதன் விதையை மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். கிழங்கு உயிரைக் குடிக்கும் விஷம். மருந்தாகும்போதும் அளவு கூடினால் ஆபத்துதான். நாட்டு மருந்து என்று யாராவது அரைத்துக் கொடுக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிஎஃப்ஏபிஏவுக்கு வருவோம். காய்ச்சல் தொடங்கியதும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரே ஒரு வேளை கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. கேட்கவே நிம்மதியாக இருக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அடுத்த காய்ச்சல் முன்கூட்டியே வந்துவிடும். நாலு வாரம் மூன்றாகும், இரண்டாகும். மாதம் ஐந்து நாள் தாங்கிக்கொள்ளலாம் என்று சில குடும்பங்கள் மருந்தே வேண்டாம் என்கின்றன. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது முடியாமல் போகலாம். இரண்டு முடிவிலும் தப்பில்லை. டான்சிலை எடுத்துவிட்டால் பல பிள்ளைகளுக்கு நின்றுபோகிறது என்று பின்லாந்திலும் இத்தாலியிலும் நடந்த சிறிய ஆய்வுகள் காட்டின. அறுவை சிகிச்சை என்பதால் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சு. எந்த மருந்தானாலும் அளவு மருத்துவர் சொல்வதுதான். போன தடவை மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது.

காய்ச்சல் நாட்களை எப்படிக் கடத்துவது? வரப்போவது பிள்ளையின் முகத்திலேயே தெரிந்துவிடும். கண் சொருகினாற்போல் இருக்கும், முகம் வெளுக்கும், சட்டை உரசினாலும் அழும். அம்மாக்கள் அரை நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். அன்றே ரசத்தில் மிளகைக் குறையுங்கள். வாய்ப்புண்ணுக்குக் காரமும் புளிப்பும் எரியும். ஆறின கஞ்சி, இளநீர், நன்றாக மசித்த மோர் சாதம், ஏன், ஐஸ்கிரீம்கூட இறங்கும். கம்பளி போர்த்த வேண்டாம். பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில், 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு நடமாடும் மாதங்களில், மருத்துவர் பார்க்கும் முன் ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள்.

பழகிய காய்ச்சல் என்று அலட்சியம் கூடாது. இந்தப் பிள்ளைக்கும் டெங்கு வரும், நிமோனியா வரும். முறை தவறி வந்தாலோ, வழக்கமான நாளைத் தாண்டி நீடித்தாலோ மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், விடாத வாந்தி, கழுத்து விறைத்தல், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் ஐந்து நாள். மிச்ச நாட்களை வீணாக்குவது பெரும்பாலும் நாம்தான். பிள்ளை மண்ணில் விளையாடினால் பயம், மாமா வீட்டுக்கு அனுப்பப் பயம், மணிக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது. என் மகள் ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டு, "இன்னும் பத்து நாள் இருக்கும்மா, போ" என்றாள். காலண்டரில் நான் போடும் வட்டங்களை அவளும் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் காலண்டரை வேறு வேலைக்கும் பயன்படுத்தினோம். தம்பியின் காதுகுத்துக்கு நாள் பார்த்தபோது அத்தை பஞ்சாங்கத்தைப் புரட்டினார், நான் நோட்டைப் புரட்டினேன். இரண்டும் ஒத்துப்போன ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது, அலுவலகத்தில் லீவு சொல்லிவைப்பது, பெரியவனோடு சினிமாவுக்குப் போவது எல்லாம் அப்படியே. கணக்கு ஒன்றிரண்டு நாள் பிசகும். பிசகினால் பிசகட்டும் என்று திட்டம் போடலாம். ஒன்றுமே போடாமல் இருப்பதுதான் நஷ்டம்.

பெரும்பாலான பிஎஃப்ஏபிஏ பிள்ளைகளுக்குப் பத்து வயதை ஒட்டி இடைவெளி நீண்டு, காய்ச்சல் தேய்ந்து நின்றுவிடுகிறது. வளர்ச்சி குறைவதில்லை, உறுப்பு எதுவும் கெடுவதில்லை. அதுவரை பள்ளியில் மாதம் நாலைந்து நாள் ஆப்சென்ட் விழும். "உடம்பு சரியில்லைன்னு மாசாமாசம் லெட்டர் கொடுக்கறீங்களே" என்று வகுப்பு டீச்சர் கேட்பதற்கு முன்னால், ஜூன் மாதத்திலேயே மருத்துவரின் கடிதத்தோடு போய் அவரைப் பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் என்ன கேட்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)