கடைசி நிமிஷத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

‘ஐ ஆம் த வால்ரஸ்’ பாட்டில் வரும் வால்ரஸ் யார்? 1967 நவம்பரில் இசைத்தட்டு வெளிவந்ததிலிருந்து பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரசிகர்கள் கட்சி கட்டி வாதாடுகிறார்கள். லூயிஸ் கரோலின் கதைப்பாட்டில் சிப்பிகளை நைச்சியமாக அழைத்துப்போய்த் தின்றுவிடும் வால்ரஸ், ஆகவே சுரண்டலின் சின்னம் என்பது ஒரு கட்சி. மரணத்தின் அடையாளம் என்பது இன்னொன்று. குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று 1969-இல் புரளி கிளம்பியபோது, இந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் துப்பாகிப் போனது.

இத்தனைக்கும் ஜான் லெனன் வேண்டுமென்றே குழப்பி எழுதிய வரிகள் இவை. அவர் படித்த குவாரி பேங்க் பள்ளி மாணவர் ஒருவர், வகுப்பில் பீட்டில்ஸ் பாடல்களுக்குப் பொருள் சொல்லித் தருகிறார்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். யாராலும் பொருள் சொல்ல முடியாத பாட்டு ஒன்றைத் தருகிறேன் என்ற வீம்பு அதில் பிறந்தது. மறுவருடம் ‘கிளாஸ் ஆனியன்’ பாட்டில் அவரே பொருள் தேடுவோரைச் சீண்டினார். சண்டை இன்னும் சூடுபிடித்ததுதான் மிச்சம்.

வரி இப்படி நழுவுகிறது. ஓசை நழுவவில்லை. தொடக்க வரிகளின் மெட்டு போலீஸ் சைரனிலிருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டுக்கும் இடையே அது நிம்மதியில்லாமல் ஆடுகிறது. அதன்மேல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எட்டு வயலின், நான்கு செல்லோ, மூன்று ஹார்ன், பதினாறு பேர் கொண்ட பாடகர் குழு என்று அடுக்கினார். செப்டம்பர் 29 அன்று ஒலிக்கலவை நடந்தபோது வானொலியையும் திறந்துவிட்டார்கள். பிபிசியில் ஓடிக்கொண்டிருந்த ‘கிங் லியர்’ நாடகம் நேரே பாட்டுக்குள் புகுந்தது.

முடிவைக் கவனியுங்கள். வயலின்கள் படிப்படியாக மேலே ஏற, பேஸ் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. நடுவில் பாடகர்களின் கூச்சல். அதற்குள்ளிருந்து, ‘கிங் லியர்’ நாடகத்தில் வரும் ஆஸ்வால்டு சாகும் காட்சியின் வசனம். புரளிக்காரர்கள் இந்தச் சாவையும் துப்பு என்றார்கள். வானொலியில் அந்த நேரத்துக்கு அகப்பட்டது அது, அவ்வளவுதான். வானொலி மோனோ கலவையில் நேரடியாகச் சேர்ந்ததால், அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிப்பில் பாட்டின் நடுவே ஒலியின் தன்மையே மாறிவிடுகிறது. இயர்போனில் கேட்டால் இது தெரியும்.

என் கவலை இங்கேதான். இவ்வளவும் நடப்பது பாட்டின் பிற்பாதியில். இன்று அதற்குள் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழே இறங்கும் பேஸ் காதுக்கே வருவதில்லை. திரையில் வரிகள் ஓட ஓட, கண் படிக்கிறது, காது சும்மா இருக்கிறது. பிறகு படித்ததை வைத்து விவாதிக்கிறோம். வரிகள்தான் பாட்டின் உயிர் என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல வரியின் அருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ராக் பாட்டை ஸ்டூடியோவில் கட்டியவர்கள் தாளில் எழுதாததையும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டு சொல்வதாக எனக்குக் கேட்பது ஒன்றே: ஒழுங்காகத் தொடங்கும் உலகம், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசப் பேசச் சிதறுகிறது. எந்த வரியிலும் இது இல்லை. ஓசையில் முழுக்க இருக்கிறது. பொறுமையாகக் கேட்கும் பழக்கம் போய்விட்டால் இப்படிப்பட்ட பாட்டுகள் பாதியாகத்தான் மிஞ்சும். ஓசை முழுதாக அடங்கும்வரை கேட்டவருக்கே பொருள் பற்றி வாதாடும் உரிமை உண்டு.