ஓட்டு உங்களுடையது, போடுவது இன்னொருவர்! தெரியுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருக்கும் ஒருவர், மும்பையில் நடக்கும் பெரிய கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டுப் போடலாம். தறியை விட்டு எழுந்திருக்காமலேயே! எப்படி? அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கு கையில் இருந்தால் போதும். தன் சார்பில் ஓட்டுப் போட ஓர் ஆளை அனுப்பிவிடலாம். அந்த ஆளுக்குப் பெயர்தான் ப்ராக்ஸி. கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்து மாட்டினால் தண்டனை. இங்கே கொடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது!

அனுப்பப்படும் ஆள் பங்குதாரராக இருக்க வேண்டியதே இல்லை, தெரியுமா? மச்சானை அனுப்பலாம், பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்வது இது. ஆனால் ஒருவர் அதிகபட்சம் 50 பேருக்குத்தான் ப்ராக்ஸி ஆகலாம். அந்த 50 பேரின் பங்குகளும் சேர்ந்து, ஓட்டுரிமையுள்ள மூலதனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது!

போனவர் வாயைத் திறக்கலாமா? கூடாது! கூட்டத்தில் பேசும் உரிமை ப்ராக்ஸிக்குக் கிடையாது. கை தூக்கி ஓட்டெடுத்தால் கையையும் தூக்க முடியாது. முறைப்படி வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே அவருடைய ஓட்டு எண்ணப்படும். இன்னும் கேளுங்கள்: 5,000 பங்குதாரர்களுக்கு மேல் உள்ள பொதுக் கம்பெனியில் கூட்டம் நடக்கக் குறைந்தது 30 பேர் நேரில் இருக்க வேண்டும். 29 பங்குதாரர்களும் 500 ப்ராக்ஸிகளும் வந்து உட்கார்ந்தால்? ஹால் நிரம்பி வழியும், ஆனால் கூட்டம் நடத்தத் தேவையான கோரம் இல்லை!

இத்தனைக்கும் வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. எம்ஜிடி-11 என்று பெயர். பெயர், முகவரி, ஃபோலியோ எண். கீழே மூன்று பேரின் பெயர் எழுத இடம். முதலாமவர் வராவிட்டால் இரண்டாமவர், அவரும் கைவிட்டால் மூன்றாமவர்! எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள். அதற்கும் கீழே ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று குறிக்கக் கட்டங்கள். ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம்: ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவதற்கு. கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சீட்டு கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த ஸ்டாம்ப் எவ்வளவு பெரிய இடத்துச் சமாச்சாரம் தெரியுமா? ப்ராக்ஸி சீட்டுக்கு என்ன முத்திரைக் கட்டணம் என்பதை மாநில அரசு முடிவு செய்ய முடியாது. இந்திய அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 91ஆவது இனம்: காசோலை, இன்சூரன்ஸ் பாலிசியோடு சேர்த்து ப்ராக்ஸியையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள்!

இறந்தவரின் ஓட்டுச் செல்லுமா? செல்லும்! ப்ராக்ஸி சீட்டைக் கொடுத்துவிட்டுப் பங்குதாரர் காலமாகிவிட்டார். அந்தச் செய்தி கூட்டம் தொடங்குமுன் கம்பெனிக்கு எட்டவில்லை. அப்படியானால் ப்ராக்ஸி போட்ட ஓட்டு செல்லுபடியாகும் என்கிறது சட்டத்தோடு இணைந்த மாதிரி விதித்தொகுப்பு. உயிரோடு இருப்பவரே மனம் மாறி நேரில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டால்? ப்ராக்ஸி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்!

நம் குடியரசுத் தலைவரும் பங்குதாரர், தெரியுமா? நெய்வேலி என்எல்சி போன்ற நிறுவனங்களில் மத்திய அரசின் பங்குகள் குடியரசுத் தலைவர் பெயரில்தான் இருக்கின்றன. அவர் ஆண்டுக் கூட்டத்துக்கு வருவாரா? பிரதிநிதியை நியமிப்பார். அந்தப் பிரதிநிதி பேசலாம், கை தூக்கலாம், எல்லாம் செய்யலாம். நம் மச்சானுக்கு மட்டும்தான் வாய்ப்பூட்டு! காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயின் பங்குகள் 2024 அக்டோபரில் சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் அதுவரை வந்த வெளியீடுகளிலேயே பெரியது! அப்போதும் 82.5 சதவீதம் கொரியத் தாய் நிறுவனத்திடமே தங்கியது. அதன் சார்பிலும் இப்படி ஒரு பிரதிநிதி ஓட்டுப் போடலாம்.

சாமிக்கும் பங்கு வைத்திருக்க டீமேட் கணக்கு இருக்கிறது, தெரியுமா? பக்தர்கள் பங்குகளைக் காணிக்கையாகச் செலுத்தத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2015இல் கணக்குத் திறந்தது. ஆனால் சாங்லி கணபதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பெயரில் கணக்குக் கேட்டபோது பாம்பே உயர் நீதிமன்றம் 2010இல் மறுத்துவிட்டது!

ராணுவ வீரர்களுக்கும் ப்ராக்ஸி உண்டு. இது கம்பெனியில் இல்லை, பொதுத் தேர்தலில்! 2003இல் வந்த திருத்தப்படி, வீரர் தன் ஊரிலுள்ள ஒருவரைத் தனக்காக ஓட்டுப் போட நியமிக்கலாம். அந்த ஆளுக்கு மை எங்கே வைப்பார்கள்? இடது கை நடுவிரலில்! ஆள்காட்டி விரல் அவருடைய சொந்த ஓட்டுக்கு!

அமெரிக்காவில் 2017இல் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டு நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளர் களமிறங்கினார். சுமார் 200 கோடி ஓட்டுகள், பெரும்பாலும் ப்ராக்ஸி. முதல் கணக்கில் கம்பெனி ஜெயித்தது. சுயேச்சை ஆய்வாளர் எண்ணியபோது பெல்ட்ஸ் முன்னிலை. எத்தனை ஓட்டில்? வெறும் 42,780! மறுபரிசீலனையில் மீண்டும் கம்பெனி முந்தியது. கடைசியில் கம்பெனியே அவரைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது! இதற்கா இத்தனை கோடி டாலர் செலவு?

கூட்டத்துக்குப் போனால் ஸ்வீட் பாக்ஸ் கிடைக்குமா? சென்னை சபா ஹால்களில் பழகியவர்கள் கேட்பார்கள். கிடையாது! பரிசு, கூப்பன், பணம் எதுவும் கூடாது என்று 2015 முதல் கம்பெனிச் செயலர்களுக்கான விதி தடுக்கிறது.

இனி நம்மூர் அதிசயம். பட்டு கூட்டுறவுச் சங்கத்தில் ப்ராக்ஸி செல்லாது! அறிஞர் அண்ணா சங்கமோ, காமாட்சியம்மன் சங்கமோ, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு, அதையும் அவரே வந்து போட வேண்டும். கோடீஸ்வரப் பங்குதாரருக்கு இல்லாத சமத்துவம் நெசவாளிக்கு!

நேரில் வந்தாக வேண்டும் என்ற இந்த விதிக்கும் ஆயிரம் வருஷ முன்னோடி இருக்கிறது, தெரியுமா? காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஊர் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள். வயது 30 முதல் 60 என்று முதலில் வைத்தவர்கள், இரண்டே வருஷத்தில் 35 முதல் 70 என்று மாற்றினார்கள்! கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது! ஊரிலிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் வந்தாக வேண்டும். ஆள் அனுப்பும் பேச்சே இல்லை. அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க, உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்துவிடக் கூடாதே என்றுதான் இருக்கும்! 1,100 வருஷம் முன்பே என்ன சந்தேகம் பாருங்கள்!

இன்றைக்கு ஆள் தேடும் சிரமமும் இல்லை. 2020க்குப் பிறகு பல கம்பெனிகள் வீடியோவில் கூட்டம் நடத்துகின்றன. அங்கே ப்ராக்ஸிக்கு வேலையில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் போனிலேயே இ-வோட்டிங். குறைந்தது 3 நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். ஆகவே கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். திறந்து, தீர்மானங்களைப் படித்து, 5 மணிக்குள் ஓட்டைப் போட்டுவிடுங்கள்!